தாவல் வரிசை

மதியம் மூன்று மணிக்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. குன்னத்துகால் வீட்டு மாடியறையில் ஆதிரா தூசி தட்டத்தான் அந்த ரேடியோவை எடுத்தாள். சுவிட்சைப் போட்டதும் சிக்னல் காட்டும் முள் ஒருமுறை துள்ளி அடங்கியது.

துள்ளியிருக்கக் கூடாது. அந்தப் பெட்டி ஒரே அலைவரிசையில் நிற்காது. நொடிக்கு நூறு இடம் தாவும். அதே வரிசையில் தாவுகிற இன்னொரு பெட்டிக்கு மட்டும்தான் பேச்சு கேட்கும். மற்றவர்களுக்கு வெறும் இரைச்சல். அந்த இன்னொரு பெட்டி அவளுடைய மாமன் மகன் ஷிஜுவிடம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் ஆறு கடலில் சேரும் பூவார் பொழியில் படகு கவிழ்ந்தது. ஷிஜுவின் உடல் கரை ஒதுங்கியது. பெட்டி ஒதுங்கவில்லை.

போன் அடித்தது. குளத்தூரிலிருந்து சுகிர்தபாய், ஹாம் ரேடியோ கிளப் செயலாளர்.

"பிள்ளே, தாவல் வரிசைய இன்னும் பதிவேட்டுல காணல்லியே. ஆரு வேணும்னாலும் கேக்கலாம்ணு இருந்தாத்தான் சோதனைக்கே அனுமதி. ஷிஜு சாயா கேட்டாலும் அழைப்புக்குறி சொல்லிட்டுல்லா கேப்பான். அவனா ஒளிச்சு வச்சான்?"

"நான்தான் சேச்சி. எங்க ரெண்டுபேருக்கு மட்டும் இருக்கட்டும்ணு நெனச்சேன்."

"இப்ப நீ ஒருத்திதானே மக்கா இருக்க. நாலு மணிக்கு முன்ன அனுப்பு, கேட்டியா."

ஆதிரா ஷிஜுவின் கையெழுத்தில் இருந்த தாளை விரித்தாள். இதை அனுப்பிவிட்டால் அவனோடு அவளுக்கு மட்டுமாக மிச்சமிருந்த ஒன்றும் ஊருக்குப் போய்விடும். முதல் எண்ணை எழுதினாள். மேசையில் கிடந்த ஹெட்போனுக்குள் இரைச்சல் ஈரமாக மாறியது. சேற்றுக்குள்ளிருந்து குமிழி வெடித்து வருகிற மாதிரி. அறையில் பொழிமுகத்து உப்புவாடை. ஹெட்போனைக் காதில் வைத்தாள்.

"ஏட்டி ஆதிரா. எழுதாத."

அவன் குரல். அவனுடையதேதான். அவள் யோசிக்கவில்லை. தாளைச் சுக்குநூறாகக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே மழையில் எறிந்தாள்.

"எங்கல இருக்க?"

"வாறேன்."

அப்போதுதான் உறைத்தது. தன் அடையாளமான அழைப்புக்குறியைச் சொல்லாமல் ஷிஜு ரேடியோவில் வாய் திறந்ததே இல்லை.

"ஷிஜு, அழைப்புக்குறி சொல்லு."

குமிழிச் சத்தம். முள் மெல்ல ஏறியது.

"ஒருக்கா சொல்லு."

"வாறேன்."

சுகிர்தபாயை அழைத்தாள். "சேச்சி, ஒங்க ரேடியோவப் போடுங்க. ஆரோ பேசுது. கேக்குதா?"

"வெறும் இரைச்சலாக்கும். வரிசை இல்லாம எனக்கு எப்பிடி கேக்கும்? சொல்லு, எழுதியெடுக்கேன்."

"பதினேழு. நாலு..." அதற்கு மேல் நினைவில் இல்லை. தாள் தோட்டத்தில் கரைந்துகொண்டிருந்தது. போனிலும் இரைச்சல். பிறகு அதுவும் இல்லை.

முள் இன்னும் ஏறியது. ஏரியலைப் பிடுங்கினாள். முள் விழவில்லை. ஏரியல் இல்லாமலும் முள் விழாவிட்டால் பேசுகிற ஆள் பத்தடிக்குள் இருக்கிறான். ஷிஜு சொல்லித் தந்தது. எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதையும் அவன்தான் சொல்லித் தந்தான்: பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்று. ஒனக்க ஒடம்பு மறைக்கிற எடத்துல முள் விழும். விழுந்தா, ஆள் முதுகுப்பக்கம்.

அணைத்துக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்து நின்றாள்.

முள் விழுந்தது.

சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினாள்.

விழுந்தது.

சுவர். விழுந்தது. அலமாரி. விழுந்தது. மறுபடி ஜன்னல்.

விழுந்தது.

குனிந்து தரையைப் பார்த்தாள். அவள் சுற்றிய வட்டத்துக்கு வெளியே, ஓரடி தள்ளி, இன்னொரு வட்டம். ஈரக் கால்தடங்கள். சேற்று மணலோடு. எல்லா விரல்களும் உள்நோக்கி, அவள் சுற்றியபோதெல்லாம் அவள் முதுகைப் பார்த்தபடி.