கால் நனைத்த ஒற்றன்

கதிரவன் மேலைக் குன்றுகளின் பின்னே சரிந்துகொண்டிருந்த வேளையில், அந்த வறண்ட மேட்டுநிலம் அணையப் போகும் தணலைப் போலச் சிவந்து கிடந்தது. அன்பு வாசகரே, பாறையும் முள்ளுமே தெரிகிற அந்நிலத்தில் தண்ணீரே இல்லையென்று எண்ணிவிட வேண்டாம். எப்போதோ பெய்யும் சிறுமழை பாறைப் பிளவுகளில் இறங்கி, பள்ளங்களில் சுனையாகக் கசியும். அச்சுனைகளைக் கற்பலகையால் மூடி, முள்ளைப் பரப்பி மறைத்து வைப்பது மேட்டுநிலத்தார் வழக்கம். அவற்றைக் கண்ட பகைநாட்டான் எவனும் உயிரோடு திரும்பியதில்லை.

அப்படியொரு சுனையருகே, ஆட்டு வணிகன் வேடத்தில் நின்றிருந்தான் சோழ ஒற்றன் பூதி கண்டன். கீழே கணவாயில் அவனுடைய படை தாகத்தால் மடிந்துகொண்டிருந்தது.

மேட்டுநிலத் தலைவரின் மகள் மாளவ்வை பலகையை நகர்த்தி, சுரைக்குடுக்கையில் மொண்டு நீட்டினாள். வாங்கியவன், ஆற்றங்கரையில் பிறந்தவர்களின் பழக்கத்தால், குடிக்குமுன் ஒரு கை தண்ணீரைத் தன் கால்களில் ஊற்றிவிட்டான்!

மறுகணமே தன் பிழை அவனுக்கு உறைத்தது. மேட்டுநிலத்தில் காலுக்குத் தண்ணீர் வார்ப்பவர் எவருமில்லை. பாதங்களைச் சட்டென்று புழுதிக்குள் புதைத்தான்.

"பாறை ஈரமாயிருக்கிறதே!" காவலன் சோமய்யன் ஈட்டியுடன் மேலிருந்து இறங்கி வந்தான். "தண்ணீரைக் கொட்டிய மகாராஜா யார்?"

"நான்தான். குடுக்கை கை நழுவிற்று" என்றாள் மாளவ்வை.

"தலைவர் மகளானாலும் நாளைக்குத் தங்களுக்குப் பங்கு கிடையாது, தாயே! நாக்கு ஒட்டிக்கொண்டால் என்னைத் திட்டக் கூடாது" என்று முணுமுணுத்தபடி, அவன் முள் எடுத்துவர நகர்ந்தான்.

மாளவ்வை குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, தாங்கள் யாரென்று தெரிந்துவிட்டது. இச்சுனை தங்கள் படைக்கு ஒரு வேளைக்கும் காணாது. எங்கள் குடிகளுக்கோ இதுதான் உயிர். வடக்கே, வறண்ட ஏரியில் ஈச்சமரங்கள் நிற்குமிடத்தில் மணலைத் தோண்டுங்கள், ஊற்று பெருகும். ஆனால் இந்தச் சுனையை எவரிடமும் சொல்வதில்லையென்று ஆணையிட வேண்டும்."

கண்டன் வடக்கே திரும்பிப் பார்த்தான். அந்த ஏரியில் வெறும் மணல்தான் இருந்தால்? அத்தனை வீரர்களையும் அவனே சாவுக்கு அழைத்துச் சென்றவனாவானே!

"பகைவர் மகளின் சொல்லை எப்படி நம்புவேன், தேவி?"

குடுக்கையில் அவள் பங்கு ஒரு வாய்த் தண்ணீர் மிஞ்சியிருந்தது. அதை மெல்லத் தன் பாதங்களில் ஊற்றினாள்.

"என்னைப் பெற்றவள் சாகும்வரை இப்படித்தான் செய்தாள். எத்தனை ஏசினாலும் கேட்கவில்லை. காவிரிக்கரையிலிருந்து சிறைபிடித்து வரப்பட்டவள், ஐயா."

கண்டன் அந்த ஈரத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டான். "காவிரியின் மேல் ஆணை!"

"மறுபடியுமா, தாயே?" என்று சோமய்யன் அலறியபோது, வடக்குப் பாறைகளின் இருளுக்குள் கண்டன் ஓடிக்கொண்டிருந்தான்.