மூன்று முறை இழுத்தால்

எண்பத்தேழு மணி முப்பத்தாறு நிமிடம்.

1994 தை மாதத்திலிருந்து 2004 மாசி வரை ஹேமநாத் அண்ணன் அந்தக் கல்குட்டையின் அடியில் இருந்த நேரம் அது. நூற்று நாற்பத்தாறு முறை இறங்கியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் கரையில் உட்கார்ந்து, இறங்கிய நேரத்தையும் ஏறிய நேரத்தையும் நான் நோட்டில் எழுதினேன். அதே நோட்டில் பிரவீணுக்கும் ஒரு பக்கம் உண்டு. அதன் கடைசி வரியில் இறங்கிய நேரம் மட்டும் இருக்கிறது. 4.52.

ஆரணியிலிருந்து போளூர் போகும் சாலையில், புளியமரங்கள் முடிகிற இடத்தில் ஒரு மண்பாதை பிரியும். அதன் முடிவில் குட்டை. கல் உடைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஊற்று திறந்துகொண்டு, ஒரே நாளில் தண்ணீர் ஏறிவிட்டதாம். இரும்பு ஏணியும் ஒரு டிராக்டரும் இன்னும் உள்ளே நிற்கின்றன. அறுபதடி ஆழத்தில் மேடை போல ஒரு பெரிய பாறை. அதன் கீழே கல் வெட்டி எடுத்த குடைவு. அது எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

அண்ணனுக்கு அந்தப் பாறைதான் உயிர். பத்தாவதோடு தறியை விட்டு எழுந்து, சென்னைத் துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகம் சுரண்டும் காண்டிராக்டரிடம் சேர்ந்து, அங்கே சிலிண்டர் கட்டி முங்கப் பழகியவன். "கடல்ல மீனு தங்குற பாறைய 'பாரு'ன்னு சொல்லுவாங்க. நான் எத்தினியோ பாரு பாத்துட்டேன். இதுமாரி ஒண்ணு கெடையாது" என்பான். லீவுக்கு வரும்போதெல்லாம் இரண்டு பழைய சிலிண்டர்களை நிரப்பி எடுத்து வருவான். ஊரில் அதை ஆக்சிஜன் என்பார்கள். உள்ளே இருப்பது அழுத்தி அடைத்த வெறும் காற்றுதான்.

இரண்டாவது சிலிண்டர் பிரவீணுக்கு. களம்பூர் ரைஸ் மில் சாந்திநாதன் வீட்டுப் பிள்ளை, அண்ணனுடன் ஒன்றாகப் படித்தவர். ஜைனர்கள் என்பதால் அவர்கள் வீட்டில் இருட்டிய பிறகு சாப்பிடமாட்டார்கள். இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

"விளக்கு வைக்கறதுக்குள்ள மேல வந்துடணும்பா. இல்லேன்னா எனக்கு நாளைக்குத்தான் சோறு."

கயிறுகள் எங்கள் வீட்டுப் பட்டு. அண்ணனே முறுக்கியவை. ஒவ்வொன்றிலும் பதினாறு புரி, அரக்குச் சாயம், பத்தடிக்கு ஒரு வெள்ளை நூல் கட்டு. ஒரு முனை அவர்கள் இடுப்பில். மறுமுனை என் கையில். ஒரு முறை இழுத்தால், சொன்னது கேட்டது என்று பொருள். இரண்டு முறை என்றால் கயிறு விடு. மூன்று முறை என்றால் மேலே வருகிறேன், இழு.

நான் அப்போது இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். அதிகம் பேசமாட்டேன். பிரவீணிடம் நான் நீளமாகப் பேசியது ஒரே ஒரு நாள். கயிற்றில் ஓரிடம் நைந்திருந்தது. கெட்டுப்போன துண்டைக் கத்தரியால் வெட்டி எறிந்துவிட்டு, விரலில் சாம்பல் தொட்டு, புரி புரியாகத் திரித்துப் பிணைத்துக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் ஒரு வேலையா? ரெண்டு வெரல் போதுமே" என்றார்.

"செஞ்சு பாருங்க."

திரித்தார். கையை எடுத்ததும் பிரிந்தது.

"எடப்பக்கமா திரிக்கறீங்க. வலப்பக்கம் திரிக்கணும்."

"எனக்கு இப்படித்தான் வருது, வாத்தியாரம்மா."

"மில்லுக்காரனுக்கு மூட்டை தைக்கத்தான் தெரியும், உடு சுபா" என்று அண்ணன் சிரித்தான்.

பிரவீண் விடவில்லை. "ரெண்டு இழை சிக்கிகினா என்ன செய்வீங்க?"

"ஒண்ண வெட்டிட்டு இன்னொண்ண எடுத்துடுவோம். அப்புறம் பிணைச்சுக்குவோம். தறில அப்படித்தான்."

"வெட்டினது எங்கனா ஓடிப்போயிட்டா?"

"எங்க ஓடும்? தறிக்குள்ளதானே கெடக்கும்."

அவர் தலையாட்டினார். நான் குனிந்துகொண்டேன். அன்றிலிருந்து அவருடைய இடப்பக்கத் திரிப்பு எனக்கு அடையாளம் ஆகிவிட்டது. டிபன் பை நாடாவைக்கூட அப்படித்தான் திரித்துக் கட்டியிருப்பார்.

1997 மாசியில் ஒரு ஞாயிறு. பிரவீண் சிவப்பு பனியன் போட்டிருந்தார். "தண்ணிக்குள்ள இருபதடி போனா சிவப்பு தெரியாது, கறுப்பாத்தான் தெரியும்" என்றேன். "அப்போ நான் மேல வரும்போது கறுப்பு சிவப்பா மாறும். பாத்துகினு இரு" என்று சொல்லிவிட்டு அண்ணனோடு இறங்கினார்.

அரை மணி கழித்து அண்ணனின் கயிறு மூன்று முறை இழுபட்டது.

இழுத்தேன். வரவில்லை.

மறுபடியும் மூன்று முறை. அவசரமாக. இரண்டு கயிறுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகி நடுங்கின. குடைவுக்குள் சேறு கலங்கி, குமிழிகள் பழுப்பாக வந்தன.

பிறகு அண்ணன் மேலே வந்தான். இருமிக்கொண்டே, "அவன் எங்க?" என்றான்.

என் கையில் ஒரு கயிறுதான் இருந்தது.

நோட்டில் அண்ணனின் பக்கத்தில் எழுதினேன்: கயிறு அறுந்தது. என் கையெழுத்து போலவே இல்லை.

தீயணைப்பு வண்டியில் வந்தவர்கள் மூன்று நாள் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவினார்கள். டிராக்டரின் ஒரு மட்கார்டு வந்தது. வேறு எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் பிரவீணின் அம்மா ரத்னமாலா என் முன்னால் வந்து நின்றார்.

"எப்படிம்மா அறுந்துச்சு?"

"தெரியலம்மா" என்றேன்.

பக்கத்தில் நின்ற அண்ணன் சொன்னான்: "நான் முறுக்கின கயிறும்மா. எம்மேலதான் தப்பு."

நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு அண்ணன் பட்டைத் தொடவில்லை. மஞ்சள் நைலான் கயிறு வாங்கினான். ஒவ்வொரு லீவிலும் அதே பாறை, அதே குடைவு. "எலும்பாவது அவங்க கைல குடுத்துடணும்" என்பான். ஐந்தாவது வருடம் காதில் ரத்தம் வந்தது. வேலூரில் பார்த்த டாக்டர், இனி இறங்கினால் ஒரு நாள் ஏறமாட்டான் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அவனை நிறுத்தக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது என் தொண்டையில் இருந்தது. கையில் நோட்டை வைத்துக்கொண்டு நான் கரையில் உட்கார்ந்தேன்.

1999இல் இரண்டாவது குமிழிக்கோடு வர ஆரம்பித்தது.

அண்ணன் பாறையின் கிழக்கே இருப்பான். குமிழி மேற்கேயும் வரும். அடியில் இலை அழுகினால் வாயு வரும் என்று நோட்டில் எழுதினேன். வாயு தன் இஷ்டத்துக்கு வரும். இது ஐந்து விநாடிக்கு ஒரு முறை வந்தது. நிற்கும். மறுபடி வரும்.

மூச்சு மாதிரி.

நூற்று நாற்பத்தாறாவது முறை அவன் இறங்கியபோது கடிகாரத்தைப் பார்த்தேன். 4.52. பிரவீண் பக்கத்தின் கடைசி வரியில் இருக்கும் அதே நேரம். எழுதினேன்.

அன்று ஒரு கொக்குகூட இல்லை. ஈரக்கல் வாசனை. ரப்பர் வாசனை. சாலையில் போன பஸ்ஸின் ஹாரன் குட்டைக்குள் விழுந்து சுற்றி வந்தது. மேற்கே குமிழி வரவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

5.28க்கு அண்ணன் மேலே வந்தான். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. கரைப் பாறையில் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினான். நான் மஞ்சள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே அவன் இடுப்புவரை வந்தேன்.

அங்கே கயிறு முடியவில்லை.

மஞ்சள் நுனியிலிருந்து அரக்குக் கயிறு ஒன்று தொடங்கி, கரைப் பாறையின் விளிம்பைத் தாண்டி நீருக்குள் போயிருந்தது.

"பிணைச்சு எடுத்தாந்தியா?"

"நான் எங்க பிணைச்சேன்? குடைவுல கெடந்துச்சு, பாத்தேன். தொடக்கூட இல்ல. காதுல குத்துச்சு, ஏறிட்டேன். இப்பதான் பாக்கறேன், இடுப்புல கீது."

முடிச்சு இல்லை. புரி புரியாகத் திரித்த பிணைப்பு. கரையில் உட்கார்ந்து செய்தால் எனக்கு அரை மணி ஆகும். விரலால் தடவிப் பார்த்தேன்.

இடப்பக்கத் திரிப்பு.

ஏழு வருடம் சேற்றில் கிடந்த பட்டு நைந்திருக்க வேண்டும். இதில் சாயம்கூட மங்கவில்லை. இப்போதுதான் சாயத் தொட்டியிலிருந்து எடுத்தது போல வாசனை. அண்ணனின் கை குளிரில் வெளிறியிருந்தது. கயிறு மட்டும் சூடாக இருந்தது.

அதை அவன் இடுப்பிலிருந்து அவிழ்த்து என் கையில் எடுத்துக்கொண்டேன்.

இழுபட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

அண்ணன் என் கையைப் பார்த்தான். அவன் கைகள் இரண்டும் அவன் முழங்காலில் இருந்தன.

"மூணு" என்றான் மெதுவாக. "மூணுதானே?"

கயிறு தளர்ந்தது. நான் இழுக்கவில்லை. தளர்ந்த கயிற்றைச் சுருட்டுவது பழக்கம். கை தானாகச் சுருட்டியது.

ஒரு வெள்ளைக் கட்டு வந்தது. பத்தடி.

இன்னொன்று.

மேற்கே குமிழி வர ஆரம்பித்தது. ஐந்து விநாடிக்கு ஒரு முறை.

"அவன் வரான்டி. அவனுக்குக் காத்து பத்தாது. நான் எறங்கி எடுத்தாறேன்." அண்ணன் முகமூடியை எடுத்தான்.

"ஒன் சிலிண்டர்ல காத்து இல்லண்ணா. மீட்டர் முள்ளப் பாரு."

"இருக்கறது போதும்."

"காதுல ரத்தம் வருதுண்ணா."

"நான் முறுக்கின கயிறு சுபா. நான்தானே போவணும்? ஜல்தி, சிலிண்டர் வார புடி."

மூன்றாவது கட்டு. நான்காவது. அறுபதில் நாற்பது போனால் இருபது.

பாறை விளிம்பிலிருந்து குனிந்து பார்த்தேன். பச்சை நீருக்குக் கீழே ஒரு கறுப்பு. ஓர் ஆள் அகலம். அசையாமல் ஏறி வந்தது.

அதன் விளிம்பு சிவக்கத் தொடங்கியது.

அண்ணன் காலைத் தண்ணீரில் வைத்தான். முழங்கால்வரை இறங்கினான். மேற்கே சூரியன் பாறை நுனியில் இருந்தது. விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தது.

அவன் தோள்பட்டையை எட்டிப் பிடித்தேன்.

"அது அறுந்துபோவலண்ணா."

திரும்பினான்.

"ரெண்டு கயிறும் சிக்கிகிச்சு. நீ மூணு வாட்டி இழுத்த. எனக்கு உன்ன மேல எடுக்கணும். அப்புறம் பிணைச்சுக்கலாம்னு நெனச்சேன். நுனி கைய விட்டு ஓடிடுச்சு. அவரு கயிற நான்தான் வெட்டினேன்."

அண்ணனின் கை வாரிலேயே நின்றது.

கீழே அந்தச் சிவப்பும் நின்றது.

என் கையில் கயிறு ஒரே ஒரு முறை இழுபட்டது.