ஐந்தாவது சாவி

அக்கா தலைநகருக்கு வேலைக்குப் போன அன்று, தன் வீட்டுச் சாவியை எடுத்துக்கொள்ளவில்லை.

கதவுக்குப் பக்கத்தில் சுவரில் வரிசையாக ஆணிகள் இருக்கும். அப்பா, அம்மா, அக்கா, நத்தை, வாலு என்று ஆளுக்கு ஓர் ஆணி. அப்பா கடைத்தெரு முனையில் சாவி செய்து தருபவர். அந்த வீட்டில் எதற்குக் குறை இருந்தாலும் சாவிக்குக் குறை இல்லை. தம்பி வாலு மட்டும் வாரம் ஒரு சாவி தொலைப்பான். அதனால் அவன் சாவியை அம்மா நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டாள். அவன் ஆணியில் அவனுடைய தொப்பி தொங்கியது.

நத்தை என்பது சின்ன மகளின் உண்மையான பெயர் இல்லை. சாப்பிடுவது, தலை வாருவது, பதில் சொல்வது எல்லாவற்றையும் அவள் மெதுவாகவே செய்வாள். அதற்காக அக்கா வைத்த பெயர் அது. அக்கா போனபிறகும் பெயர் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அக்காவுக்குப் பேருந்தில் நடத்துநர் வேலை. அந்த வேலை வேண்டாம் என்று அப்பா எவ்வளவோ சொன்னார்.

"சில்லறை இல்லன்னா கத்துவான். வண்டி நிக்கலன்னா கத்துவான். கண்டவன் கத்தறதையும் கேக்கவா உன்ன வளத்தேன்?"

"கத்தினா கத்திட்டுப் போறாங்கப்பா. நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா.

அதற்குமேல் இருவரும் பேசவில்லை. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தொலைபேசியில் அவள் அழைத்தால் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"சாப்டியா?"

"சாப்டேன்ப்பா."

உடனே போன் அம்மாவின் கைக்குப் போய்விடும்.

அக்கா இனி இந்த வீட்டுக்கு வருவாளா? நத்தை இதை யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

போன மாதம் வீட்டுப் பூட்டு கெட்டுப்போனது. அப்பா புதுப் பூட்டு மாட்டினார். கடையில் உட்கார்ந்து அதற்கான சாவிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நத்தை பக்கத்தில் இருந்து பார்த்தாள். ஐந்து சாவிகள் இருந்தன.

"அஞ்சாவது யாருக்குப்பா?"

அப்பா சாவியின் மேல் இருந்த தூளை ஊதினார். "இருக்கட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய சாவியைக் கழற்றிவிட்டு, அந்த ஐந்தாவது சாவியை அக்காவின் ஆணியில் மாட்டினார்.

பள்ளி விடுமுறை வந்தது. "ஒரே ஒரு நாள், எல்லாரும் தலைநகருக்குப் போயிட்டு வரலாமா?" என்று அம்மா கேட்டாள். அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டுவதாக அக்கா சொல்லியிருந்தாள்.

அப்பா முடியாது என்று சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம்.

சாப்பிட்டு முடித்து, நால்வரும் தரையில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். அம்மா வீட்டில் பை தைத்துச் சேர்த்த பணம்தான் செலவுக்கு. விடியற்காலை ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்பிவிட்டால் அறை வாடகை மிச்சம். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனால் ஓட்டல் செலவு மிச்சம். தண்ணீரும் வீட்டிலிருந்தே.

"மூச்சு மட்டும் அங்க போய் விட்டுக்கலாமா? இல்ல, அதையும் இங்கயே விட்டுட்டுப் போயிடணுமா?" என்று அப்பா கேட்டார்.

"காசு கேக்கலன்னா அங்கயே விட்டுக்கங்க" என்றாள் அம்மா.

வாலு சிங்கம் பார்க்க வேண்டும் என்றான். அம்மா அரண்மனை என்றாள். நத்தை ரொம்ப நேரம் யோசித்து, மணிக்கூண்டு என்றாள்.

"உங்களுக்குப்பா?"

"எனக்கு என்ன? நீங்க பாருங்க."

ரயிலுக்குக் கொடுத்தது போக, ஓர் இடத்துக்குள் நுழையத்தான் மீதிப் பணம் போதும். சிங்கமா அரண்மனையா என்று வாலுவும் அம்மாவும் இரண்டு நாள் சண்டை போட்டார்கள்.

மூன்றாம் நாள் அக்கா அழைத்தாள். போனை எடுத்தது நத்தை.

"லீவு குடுக்கலடி" என்றாள் அக்கா. குரல் சின்னதாக இருந்தது. "ஊருக்கெல்லாம் லீவு விட்டாதான் எங்க வண்டியில கூட்டம். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் டூட்டி. நான் இருக்கற விடுதியிலயும் வெளி ஆளுங்கள விடமாட்டாங்க. நீங்க வந்தாலும் என்னப் பாக்க முடியாது. அம்மாகிட்ட நீயே சொல்லிடு நத்தை. என்னால முடியல."

நத்தை சொன்னாள்.

"அவளே இல்லன்னா அந்த ஊர்ல நமக்கு என்ன வேலை? டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துடலாம்" என்றார் அப்பா.

அம்மா தையல் இயந்திரத்தில் போய் உட்கார்ந்தாள். இயந்திரம் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நத்தை எட்டிப் பார்த்தாள். அம்மா நூலே கோக்கவில்லை.

மறுநாள் முழுக்க நத்தை யோசித்தாள். வழக்கம்போல மெதுவாகத்தான் யோசித்தாள். சாயங்காலம் அக்காவை அழைத்தாள்.

"அக்கா, உன் வண்டி எங்கெல்லாம் போகும்?"

"எதுக்குடி? சுத்து வண்டிதான். ரயில் நிலையத்துல கிளம்பி ஊரச் சுத்திட்டு மறுபடியும் ரயில் நிலையம்."

"ஊரச் சுத்தின்னா? ஒவ்வொரு இடமா சொல்லு."

அக்கா பேருந்தில் சொல்வதுபோலவே சொன்னாள். பெரிய பாலம், மணிக்கூண்டு, அரண்மனை வாசல், மிருகக்காட்சி சாலை, நீதிமன்றம், ஆற்றங்கரை.

"அப்ப நாங்க உன் வண்டியிலயே ஏறிக்கறோம்" என்றாள் நத்தை.





"டூட்டியில நான் உங்ககூடப் பேச முடியாது நத்தை. உக்காரவும் முடியாது. ஒவ்வொரு சுத்துக்கும் நீங்க டிக்கெட் எடுக்கணும். செக்கர் ஏறினா சொந்தக்காரங்கன்னு எல்லாம் பாக்கமாட்டார்."

"நீ பேசவேண்டாம். நீ டிக்கெட் கிழி. நாங்க உன்னப் பாத்துட்டு இருக்கோம்."

வீட்டில் இதைச் சொன்னபோது வாலு ஒரு சந்தேகம் கேட்டான். "பஸ்லேர்ந்து சிங்கம் தெரியுமா?"

"ஒட்டகச்சிவிங்கி தெரியுமாம். மதிலுக்கு மேல கழுத்து மட்டும்."

வாலு கணக்குப் போட்டான். "காசு குடுக்காம பாக்கறதுக்குக் கழுத்து போதும்" என்றான்.

அப்பா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பெத்த பொண்ணப் பாக்க டிக்கெட் வாங்கணுமா?"

"ஆமாப்பா. வாங்கலன்னா அக்காவுக்குத்தான் கஷ்டம்" என்றாள் நத்தை.

அப்பா ரயில் டிக்கெட்டுகளை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.

கிளம்பும் நாளில் அம்மா ஒரு துணிப்பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "என்னங்க இது? கல்லையா கட்டி வெச்சிருக்கீங்க?"

"சில்லறை."

"ஊருக்குப் போறப்ப யாராவது சில்லறைய மூட்டை கட்டிட்டுப் போவாங்களா?"

"சாவிக்கடையில வர்றது அதுதான். நோட்டுக்கு நான் எங்க போவேன்?"

எல்லோரும் வாசலுக்குப் போய்விட்டார்கள். நத்தைதான் கடைசி. சுவரில் ஒரே ஒரு சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா கிளம்பும்போது அதைப் பார்த்தார்; பார்த்துவிட்டு எடுக்காமலே போயிருந்தார். நத்தை அதைக் கவனித்திருந்தாள்.

"நத்தை, ரயில் உனக்காக நிக்காது" என்று அம்மா குரல் கொடுத்தாள்.

நத்தை சாவியை ஆணியிலிருந்து எடுத்தாள். சில்லறைப் பையின் வாயைத் திறந்து உள்ளே போட்டாள். பையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

தலைநகர் ரயில் நிலையத்துக்கு வெளியே பேருந்து நின்றது. படியில் சீருடையும் தோல்பையுமாக அக்கா நின்றாள். முன்பைவிட இளைத்திருந்தாள். அவர்களைப் பார்த்ததும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். சிரிப்பு வந்தாலும் அழுகை வந்தாலும் அவள் அப்படித்தான் செய்வாள்.

"உள்ள போங்க, உள்ள போங்க. படியில நிக்காதீங்க" என்று எல்லோருக்கும் சொல்வதுபோல அவர்களுக்கும் சொன்னாள்.

வாலுவுக்கு அம்மா ரயிலிலேயே பாடம் நடத்தியிருந்தாள். அக்கா என்று கத்தக் கூடாது. மடியில் ஏறக் கூடாது. அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். அப்போது பின்னாலிருந்து ஒருவர், "அக்கா, நீதிமன்றம் ஒண்ணு" என்றார். ஒரு பெரியவர், "அக்கா, ஆத்தங்கரை வந்தா சொல்லும்மா" என்றார்.

வாலு கையை எடுத்துவிட்டான். "எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடறாங்க. நான் மட்டும் ஏன் கூப்பிடக் கூடாது?" என்று முணுமுணுத்தான்.

"நீ டிக்கெட் வாங்கறப்ப கூப்பிடு" என்றாள் நத்தை.

அக்கா அருகில் வந்ததும் அவன் கேட்டான். "அக்கா, நாலு டிக்கெட்."

அக்கா அம்மாவிடம் பணம் வாங்கிக்கொண்டு கிழித்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் விரல் அவன் கன்னத்தில் ஒரு நொடி பட்டது. செக்கர் பார்த்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

பேருந்து பாலத்தில் ஏறியது. "மணிக்கூண்டு" என்று அக்கா குரல் கொடுத்தாள். மற்ற நிறுத்தங்களைவிட அதைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். நத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அரண்மனை வாசல்" என்றபோது அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். ஒட்டகச்சிவிங்கி அன்றைக்குக் கழுத்தை நீட்டவே இல்லை. இரண்டு காதுதான் தெரிந்தது. காதே போதும் என்று வாலு சொல்லிவிட்டான்.

அப்பா மட்டும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

மதியம் வண்டி சிறிது நேரம் நின்றது. கடைசி இருக்கையில் வைத்து அம்மா அக்காவுக்குச் சோறு ஊட்டினாள். அவளே சாப்பிட்டால் நேரம் போதாது என்று ஒரு காரணம் சொன்னாள். அப்பா கீழே இறங்கிப் பேருந்தின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"சாப்டீங்களாப்பா?"

"ம்."

அவ்வளவுதான். ஓட்டுநர் வந்து ஏறிவிட்டார்.

அடுத்த சுற்றில் நிற்க இடமில்லாத கூட்டம். எல்லோரும் பெரிய நோட்டாகவே நீட்டினார்கள். அக்காவின் தோல்பையில் சில்லறை தீர்ந்துவிட்டது.

"மீதி இறங்கும்போது தரேன் சார்" என்று முன்னால் இருந்த ஒருவரிடம் அக்கா சொன்னாள்.

"இறங்கும்போதா? அப்படியே மறந்துடலாம்னு பாக்கறியா?" என்று அவர் கத்தினார். "எத்தன பேர்கிட்ட இப்படி அமுக்கற? உங்களையெல்லாம் யாரு வேலைக்கு வெச்சாங்க?"

அப்பா எழுந்தார். எதை அக்கா கேட்கக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னாரோ, அதை இன்றைக்குத் தன் காதாலேயே கேட்டுவிட்டார்.

நத்தை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா பாத்துக்குவாப்பா."

"உங்க டிக்கெட்டுக்குப் பின்னாடி மீதி எவ்வளவுன்னு எழுதியிருக்கேன் சார்" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "என் நம்பரும் இருக்கு. சில்லறை வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான்."

அவர் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அப்பாவும் மெல்ல உட்கார்ந்தார்.

நத்தை குனிந்து இருக்கைக்கு அடியிலிருந்து துணிப்பையை இழுத்தாள். அதை அப்பாவின் மடியில் வைத்தாள்.

அப்பா பையைப் பார்த்தார். அக்காவின் காலித் தோல்பையைப் பார்த்தார். பிறகு பைக்குள் கையை விட்டார். கை அப்படியே நின்றுவிட்டது. காசு எது, தான் தேய்த்த சாவி எது என்று அந்த விரல்களுக்குத் தெரியாதா? அவர் நத்தையைத் திரும்பிப் பார்த்தார். நத்தை ஜன்னலுக்கு வெளியே ரொம்பக் கவனமாக ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி ஒரு நிறுத்தத்தில் நின்றபோது அக்கா அவர்கள் இருக்கைக்கு வந்தாள்.

"நாலு டிக்கெட்" என்றார் அப்பா. ஒரு கை நிறையச் சில்லறையை அவள் உள்ளங்கையில் வைத்தார். பிறகு பையையும் கொடுத்தார். "இதையும் வெச்சுக்கோ. மொதல்ல அந்த ஆளுக்குக் குடு."

அக்கா உள்ளங்கையைப் பார்த்தாள். காசுகளுக்கு நடுவே புதுச் சாவி ஒன்று இருந்தது.

"இது சில்லறை இல்லையேப்பா" என்றாள் மெதுவாக.

"வீட்டுப் பூட்ட மாத்திட்டேன். பழைய சாவி சேராது" என்றார் அப்பா. "நீ எப்ப வந்தாலும் இது திறக்கும்."

அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். சில்லறையைத் தோல்பையில் போட்டாள். சாவியை மட்டும் சட்டைப்பையில் போட்டு, பொத்தானையும் மாட்டினாள்.

"பை நிறைய காசு குடுத்திருக்கீங்க. இதுக்கு நோட்டு தரணுமே" என்றாள்.

"வீட்டுக்கு வந்து குடு" என்றார் அப்பா.

"அக்கா, வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

அக்கா விசிலை வாயில் வைத்து ஊதினாள். காற்றுதான் வந்தது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினாள். பேருந்து கிளம்பியது.