சுத்தியலுக்கு விழுந்த வாக்குகள்

ஜெசிந்தா பல் துலக்குவதை அன்று காலை நானூற்றுப் பத்துப் பேர் பார்த்தார்கள். அது வழக்கத்தைவிடக் குறைவு. மன்னார் வளைகுடாவில் மிதக்கும் நூற்று நாற்பது ஊர்களிலும் பிள்ளைகளுக்கு ஏழு வயதானதும் கண்ணுக்குப் பின்னால் அரிசியளவு பகிர்வி ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். அதன்பின் ஒருவர் காண்பதை எவரும் காணலாம். தன் கண்ணை மூடிக்கொண்டால் போதும். அடுத்தவர் கண் திறந்துகொள்ளும். பகிர்வியை அணைப்பது குற்றமல்ல. ஆனால் அணைத்தவர் ஒன்று கழிவறையில் இருப்பார், அல்லது செத்துப்போயிருப்பார் என்பது பொது நம்பிக்கை. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

ஜெசிந்தாவுக்கு நாற்பத்து மூன்று வயது. பதினேழாம் மிதப்பூரின் மருந்துத் தூதர். காற்று வலுத்து ட்ரோன்கள் பறக்க முடியாத நாட்களில் தன் நீர் ஸ்கூட்டரில் மருந்து கொண்டுபோவது அவள் வேலை. புது மின்படகுகள் அலை உயரத்தை அளந்து பார்த்துவிட்டுத் தாமே புறப்பட மறுத்துவிடும். அவளுடைய வண்டி எண்பது வருடப் பழசு, பாசி எண்ணெயில் ஓடுவது. அதற்கு மறுக்கத் தெரியாது.

எட்டரை மணிக்குச் செய்தி வந்தது. பதினெட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த முத்துச்சிப்பிப் பண்ணையில் ராயப்பன் என்ற முக்குளிப்பவரை நச்சு ஜெல்லிமீன் தாக்கிவிட்டது. செவிலி ரோபோ ஒன்று அவருக்காக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. மாற்று மருந்து பதினேழாம் மிதப்பூரில் மட்டுமே இருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குள் அது அவர் உடம்பில் ஏறியாக வேண்டும்.

மருந்துப் பெட்டியைக் கட்டிவிட்டு ஜெசிந்தா பொத்தானை அழுத்தினாள். இன்ஜின் சுற்றியது; பற்றவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். தீப்பொறி இல்லை. உள்ளே தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கம்பிச்சுருள், காயில் என்பார்கள், உப்பில் அரித்துப் போயிருந்தது. புதுக் காயில் அவளிடம் இருந்தது. ஆனால் காயிலைத் தொட வேண்டுமானால் அதை மூடியிருக்கும் கனத்த சக்கரத்தை, மெக்கானிக்குகள் மேக்னெட் என்று சொல்லும் பிளைவீலை, எடுத்தாக வேண்டும். நட்டைக் கழற்றினாள். சக்கரம் அசையவில்லை. கூம்பாகச் சரியும் தண்டில் இறுகி உட்கார்ந்திருந்த அதில் மூன்று வருட உப்பு ஊறி, இரண்டு இரும்பும் ஒன்றாகிப் போயிருந்தன.

அதற்குள் பதினோரு லட்சம் பேர் அவள் கண்ணுக்குள் வந்திருந்தார்கள். ராயப்பன் நினைவிழந்து அவர் பார்வை இருண்டுவிட்டதால் வளைகுடா மொத்தமும் இங்கே பெயர்ந்திருந்தது. பார்வையின் கீழ்விளிம்பில் யோசனைகள் ஓடின. சுத்தியால் அடி. தண்ணீர் ஊற்று. எதிர்ப்பக்கம் திருப்பு. முதலில் ஒரு டீ குடி. இந்த ரவிக்கையை எங்கே தைத்தாய்? வாழ்நாளில் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட்டிராத விரல்கள் எழுதிய யோசனைகள். எழுதியவர்களுக்கு அதில் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

பக்கத்து வீட்டுத் தொம்மை இரண்டு கை தூரத்தில் நின்றிருந்தார். கண்களை மூடிக்கொண்டு, ஜெசிந்தா செய்வதை ஜெசிந்தாவின் கண் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தச் சக்கரம் சுத்தாமக் கொஞ்சம் புடிங்க."

"இரும்மா, பாத்துக்கிட்டிருக்கம்லா," என்றார் தொம்மை, கண் திறக்காமல்.

ஊரின் பழுதுநீக்கி ரோபோ தானாகவே வந்தது. ஆறு கைகள், ஒரு படகையே தூக்கக்கூடிய வலு. ஜெசிந்தாவுக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் எந்த முறையில் செய்வது என்று கருத்து வேறுபாடு எழுந்தால் பார்வையாளர்களிடம் வாக்கெடுத்துப் பெரும்பான்மைப்படி நடக்க வேண்டும் என்பது அதற்கு விதி. இருபது நொடியில் வாக்கெடுப்பு முடிந்தது. சுத்தியலுக்கு ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம்.

முதல் அடி விழுந்தபோது வண்டியே துள்ளியது. சக்கரத்தின் விளிம்பில் ஒரு சில்லு தெறித்தது. ஜெசிந்தா குறுக்கே பாய்ந்து இன்ஜினை உடம்பால் மறைத்துக்கொண்டாள்.

"அடிக்காத. உள்ள இருக்க காந்தம் ஒடஞ்சிரும். தண்டு வளஞ்சிரும். பொறவு இந்த வண்டி நங்கூரத்துக்குத்தான் ஆவும்."

"உங்கள் கருத்து பதிவாகிவிட்டது," என்றது ரோபோ. "அது ஒரு வாக்கு."

சுத்தியல் மறுபடி உயர்ந்தது. அதைவிட அவளைக் கலங்கவைத்தது கீழ்விளிம்பில் ஓடிய உற்சாகம். அங்கே ஒரு மனிதன் செத்துக்கொண்டிருந்தான். இவர்கள் அடுத்த அடிக்குக் காத்திருந்தார்கள். ஜெசிந்தா காதோரம் விரலை வைத்து அழுத்திப் பகிர்வியை அணைத்தாள்.

சுத்தியல் நடுவானில் நின்றது. "பார்வையாளர்கள் இல்லை," என்றது ரோபோ. "எனவே பெரும்பான்மையும் இல்லை. நீங்கள் சொல்லலாம்."

"அந்தச் சுத்தியக் கீழ போடு. சக்கரத்த அசையாமப் புடி."

பதினோரு லட்சம் பேர் போனபிறகு தண்ணீர் பலகையில் மோதும் சத்தம் கேட்டது. அவள் கருவிப் பெட்டியிலிருந்து, சக்கரத்தை இழுத்துக் கழற்றும் புல்லரை எடுத்தாள். உள்ளங்கையளவு இரும்புத் தட்டு, மூன்று போல்ட், நடுவில் ஒரு தடித்த திருகு. வண்டி வாங்கிய புதிதில் அவளும் சுத்தியால் அடித்து ஒரு மேக்னெட்டை உடைத்தவள்தான். அந்தப் புத்தி அப்போது வந்தது. சக்கரம் கழன்று முகத்தில் பாயாமலிருக்க நட்டை இரண்டு சுற்று மட்டும் திரும்ப ஏற்றினாள். சக்கரத்திலிருந்த மூன்று துளைகளிலும் போல்ட்டுகளை ஒரே அளவுக்கு இறக்கினாள். நடுத்திருகை இறுக்கினாள். அது தண்டின் முனையில் முட்டி நின்றது. இன்னும் கால் சுற்று. தோள்பட்டை வலித்தது. சக்கரம் வரவில்லை.

"நடுவுல மட்டும் சூடு காட்டு. காந்தத்துப் பக்கம் போவாத."

ரோபோ தன் சூட்டு விரலைச் சக்கரத்தின் நடுப்பகுதியில் வைத்தது. மெல்லப் புகைந்தது. அவள் இன்னொரு கால் சுற்று இறுக்கி, கீழே கிடந்த சுத்தியை எடுத்துத் திருகின் தலையில், சக்கரத்தில் படாமல், ஒரே ஒரு தட்டுத் தட்டினாள்.

டக்கென்றது. சக்கரம் கழன்று நட்டில் சாய்ந்தது.

தொம்மை கண்ணைத் திறந்திருந்தார். "என்னம்மா ஆச்சு? இருட்டாயிட்டு. எனக்கு ஒண்ணும் தெரியலியே."

அவர் வேறு யாருடைய கண்ணையோ தேடி மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். ஜெசிந்தா காயிலை மாற்றி, சக்கரத்தைத் துடைத்து ஏற்றி, நட்டை முறுக்கியபோது மணி பதினொன்றே முக்கால். இரண்டாவது அழுத்தலில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

கடல் அவளை இரண்டு முறை கவிழ்த்தது. இரண்டாவது முறை வண்டியை நிமிர்த்தி ஏறியபோது, இங்கே மூழ்கினால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் வந்தது. பயந்தாள். ஆனாலும் பகிர்வியைத் திறக்கவில்லை. ஒன்று பத்துக்குப் பண்ணை மேடையில் வண்டியைக் கட்டினாள். செவிலி ரோபோ மருந்தை வாங்கிக்கொண்டது. அரைமணி நேரம் கழித்து ராயப்பன் தானாக மூச்சு விட்டார். ஜெசிந்தா ஈரத்தோடு தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் ஒருவர் உயிர் திரும்புவதை அவள் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

ராயப்பன் கண் விழித்தார். பிறகு தன் பகிர்வியில், தன் பார்வையைப் பிறருக்குக் காட்டாமல், தனக்கு வந்த செய்திகளை மட்டும் திறந்தார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நன்றியாக இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

"அக்கா, நான் செத்துட்டேன்," என்றார் அவர்.

ஜெசிந்தாவின் பார்வை இருண்டதும் பதினோரு லட்சம் பேர் நான்கு நிமிடம் காத்திருந்திருக்கிறார்கள். அதற்குமேல் அவர்களால் முடியவில்லை. அவள் கடலில் விழுந்து செத்துவிட்டாள், மருந்து சேராது, ராயப்பன் இறந்துவிட்டார் என்று முடிவுசெய்து இரங்கல் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். சுத்தியலுக்கு வாக்களித்தவர்கள்தான் முதலில் எழுதினார்கள்.

"நேத்துவரைக்கும் எங்கண்ணுக்குள்ள பதினோரு பேருதான் அக்கா. அதுல ஏழு பேரு சொந்தக்காரவுவ. இப்ப ஆறு லட்சம் பேரு எழுதிருக்காவ. எங்க சூப்பர்வைசரு என்னய ஏய்னுதான் கூப்புடுவாரு. கூடப் பொறந்த தம்பின்னு போட்டிருக்காரு பாத்தியளா."

"ஒங்க வீட்ல?"

"அவளும் எழுதிருக்கா. நல்லா எழுதிருக்கா. இவ்வளவு எழுத வரும்னே எனக்குத் தெரியாது."

"அவிய அழுதுக்கிட்டிருப்பாவ. மொதல்ல உசுரோட இருக்கேன்னு சொல்லுங்க."

"சொல்லாமயா? எட்டு லட்சம் ஆவட்டும்கா." அவர் குரல் கெஞ்சியது. "ஒங்களுக்குந்தான் வருது. மூணு லட்சம் பேரு. யாரு யாருன்னு சொல்லட்டா?"

ஒரு கணம் அவளுக்குக் கேட்க வேண்டும்போல இருந்தது. அந்த ஆசை தன்னிடமிருந்தே வந்ததை அறிந்தபோது, அதுவரை மற்றவர்கள்மீது இருந்த அருவருப்பெல்லாம் திரும்பி அவள்மீதே விழுந்தது. செவிலி ரோபோவைப் பார்த்தாள். "நோயாளி சம்மதிக்காமல் நான் எதையும் அறிவிக்க முடியாது," என்றது அது. அவள் எழுந்தாள்.

"அக்கா," என்றார் ராயப்பன் பின்னாலிருந்து. "வண்டிய ஸ்டார்ட் பண்ணாம, கொஞ்ச தூரம் கையால தள்ளிக்கிட்டுப் போயிருங்க. சத்தம் கேட்டா யாராச்சும் எட்டிப் பாத்துருவாவ."

ஜெசிந்தா வண்டியில் ஏறி இன்ஜினைக் கிளப்பினாள். பண்ணைத் தொழிலாளர் குடியிருப்பு முழுவதும் கேட்கட்டும் என்று ஆக்சிலரேட்டரைக் கடைசிவரை முறுக்கினாள். எட்டு மாடி, இருநூறு ஜன்னல். அந்த இரைச்சலில் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருந்தார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடி இரங்கல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.