நாற்பது விநாடி

வரலாற்றுத் துறையின் மாடிப்படி முடிகிற இடத்தில், கழிப்பறைக்கும் பழைய விடைத்தாள் கட்டுகளுக்கும் நடுவே, ஒலிப்பதிவு அறை இருந்தது. ஒரு மேசை, ஒரு கணினி, இரண்டு நாற்காலிகள். அவற்றில் ஒன்றுக்குக் கை கிடையாது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவள் உள்ளே போனபோது ஜன்னல் வழியாக நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பயப்படுவதற்கு ஏற்ற இடமும் இல்லை, நேரமும் இல்லை.

துறையில் எல்லாரும் அவளை 'சீனியர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழு வருஷமாக ஒரே ஆய்வேட்டைக் கட்டிக்கொண்டு அழுதால் வேறென்ன பட்டம் கிடைக்கும்? உண்மையான பட்டத்துக்கு வியாழக்கிழமை வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. வெள்ளிக்கிழமைக்குள் தேர்ச்சிக் கடிதத்தைக் காட்டினால் இதே துறையில் உதவிப் பேராசிரியர் வேலை. தவறினால் அடுத்த மாதம் வயது வரம்பு தாண்டிவிடும். அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க யாராவது விடுப்பில் போனால் அவருக்குப் பதிலாக வகுப்பெடுத்துக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

அவளுடைய ஆய்வு ஒரு நூற்பாலைத் தீவிபத்தைப் பற்றியது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பஞ்சுக் கிடங்கு எரிந்து ஒன்பது பெண்கள் செத்துப்போனார்கள். பக்கவாட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது. பூட்டியது யார் என்று எந்த விசாரணையிலும் தெரியவில்லை. அவள் கண்டுபிடித்துவிட்டாள். இல்லை, கண்டுபிடித்ததாக எழுதிவிட்டாள்.

பழைய ஆலைத் தொழிலாளர்களிடம் அவள் எடுத்த பேட்டிகளில், பதினேழாவது பதிவில்தான் அந்த வினை ஆரம்பித்தது. அதில் பேசியவர் கோன் அம்மா. ஆலையில் முப்பது வருஷம் நூலைக் கூம்பு மாதிரியான கோனில் சுற்றியவர் என்பதால் அந்தப் பெயர். கலகலவென்று பேசிக்கொண்டே வந்தவர், கதவைப் பூட்டினது யார் என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். நாற்பது விநாடி. பிறகு அவளே, "சரிம்மா, விடுங்க, வேற பேசலாம்" என்று பேச்சை மாற்றிவிட்டாள். ஆறு மாதத்தில் கோன் அம்மா இறந்துபோனார். இப்போது இரண்டு வருஷம் ஆகிறது.

அந்தப் பேட்டியைத் தட்டச்சு செய்தபோது, மௌனம் இருந்த இடத்தில் அவள் தன் ஊகத்தை அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்தாள். ஆலை மேஸ்திரியாக இருக்கலாம். அவ்வளவுதான். மூன்றாவது திருத்தத்தில் அடைப்புக்குறி உதிர்ந்தது. ஐந்தாவது திருத்தத்தில் மேற்கோள்குறி முளைத்தது. "மேஸ்திரிதான் பூட்டினாரு. என் கண்ணால பார்த்தேன்." வேண்டுமென்று செய்தாளா, தூக்கக் கலக்கத்தில் செய்தாளா என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. அந்த வரியோடு ஒரு கட்டுரை வெளிவந்தது. நான்கு பேர் பாராட்டினார்கள். அதற்கப்புறம் அதைத் தொட அவளுக்கு மனசு வரவில்லை.

இப்போது புறத்தேர்வாளரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. இந்த ஆய்வேட்டின் உயிரே அந்த வாக்குமூலம்தான், வைவா அன்று அந்தப் பதிவை எல்லாரும் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்காகத்தான் இன்று ஒலிப்பதிவு அறைக்கு வந்தாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை ஓட்டினாள். அவளுடைய குரலே கேட்டது. "அன்னைக்கு அந்தக் கதவைப் பூட்டினது யாரும்மா?"

பிறகு மௌனம். திரையில் எண்கள் ஓடின. பத்து விநாடி. பதினைந்து.

இருபதாவது விநாடியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

இந்த நாற்பது விநாடியை அவள் முப்பது தடவையாவது கேட்டிருப்பாள். அதில் மூச்சு கிடையாது. மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை மூச்சு பத்தாவது விநாடியிலேயே வந்தது. இன்னும் கிட்டத்தில் வந்தது. கூடவே ஒரு வாடை, துணிமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு மறந்தால் வருமே, அந்த வாடை.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரைக் கூப்பிட்டாள். வயர் அண்ணன் என்பார்கள். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி, தலையை ஆட்டி, முழுசாகக் கேட்டார்.

"ஒண்ணுமே இல்லையேம்மா. சுத்தமா இருக்கு."

"ஏதோ கருகுற வாடை வரல?"

"எனக்கு நாலு நாளா சளி. சாப்பாட்டு வாசனையே தெரியல, நீங்க வேற."

அவர் போனதும் மூன்றாவது தடவையாக ஓட்டினாள். மூச்சு இல்லை. வாடையும் இல்லை. முப்பது விநாடி ஆனதும், நம் பயம்தான் காதுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது என்று தன்னையே கேலி செய்துகொண்டாள்.

"நான் அப்படிச் சொல்லலியே, கண்ணு."

அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. அது கோன் அம்மாவின் குரல்.

அரைமணி நேரம் கழித்து ஆய்வு நெறியாளரின் அறைக்குப் போனாள்.

"சார், அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துட்டா என்ன?"

"எந்த வரி?"

"மேஸ்திரி வரி."

நெறியாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உயிரை எடுத்துட்டு உடம்பை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது? அந்த வரியாலதான் கட்டுரை, அந்தக் கட்டுரையாலதான் உனக்கு வேலை. கடைசி நேரத்துல கலங்காதே. பதிவு இருக்கில்ல?"

"இருக்கு சார்."

அது பொய் இல்லை. பதிவு இருந்தது.

அவள் அக்கா வீட்டு மாடியறையில்தான் தங்கியிருந்தாள். அன்று ராத்திரி மடியில் கணினியோடு உட்கார்ந்திருந்தவளை அக்கா வாசலில் நின்று பார்த்தாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"வைவா பயம்க்கா."

"ஏழு வருஷம் ஓட்டிட்ட. மூணு நாள் ஓட்ட மாட்டியா?"

அக்கா இறங்கிப் போனதும் பதிவை நகலெடுத்து, கேள்வி முடிகிற இடத்தில் வெட்டினாள். மூலப்பதிவு இருந்த மெமரி கார்டைக் கைப்பையின் உள்ளறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "இதுக்கு மேல கோப்பு சிதைஞ்சு போச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைக் கண்ணாடி முன்னால் நின்று நான்கு தடவை சொல்லிப் பார்த்தாள். நான்காவது தடவை அவளே நம்பிவிட்டாள்.

வியாழக்கிழமை மாடியிலிருந்த கருத்தரங்கக் கூடத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். முன்வரிசையில் அக்கா, மடியில் சாப்பாட்டுப் பையோடு. பொது வைவா என்பதால் யார் வேண்டுமானாலும் வரலாம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார்.

"நான் அந்த மேஸ்திரியோட மகன்மா. அறிவிப்புப் பலகையில பார்த்தேன். எங்கப்பா பேரு இன்னைக்கு இங்க வரும்னு சொன்னாங்க. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கடைசி வரிசைக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தார்.

ஒருமணி நேரம் எல்லாம் நன்றாகவே போனது. பிறகு புறத்தேர்வாளர் பேனாவை மூடினார். "இப்ப அந்தப் பதிவைக் கேட்கலாமா?"

அவள் பொத்தானை அழுத்தினாள். கூடத்தின் ஒலிபெருக்கியில் அவளுடைய குரல் கேட்டது. அன்னைக்கு அந்தக் கதவைப் பூட்டினது யாரும்மா? திரையில் கோடு முடிந்துவிட்டது. கோப்பு அவ்வளவுதான். கோப்பு சிதைந்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"மேஸ்திரிதான் பூட்டினாரு."

கோன் அம்மாவின் குரல்.

"என் கண்ணால பார்த்தேன்."

புறத்தேர்வாளர் மெல்லத் தலையசைத்தார். நெறியாளர் முகத்தில் சிரிப்பு வந்தது. கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. ஆனால் அந்தச் சில்லிப்புக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. தப்பித்தோம் என்று மனசு துள்ளியது. அந்தத் துள்ளலுக்காக அவள் பிறகு ரொம்ப நாள் வெட்கப்பட்டாள்.

குரல் நிற்கவில்லை.

"சரியா சொன்னேனா, கண்ணு? நீ எழுதிக் கொடுத்தது அதானே?"

நெறியாளர் ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதை எழுதினது யாரு?"

பதினோரு பேரும் அவளைப் பார்த்தார்கள். சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது கேட்டது. ஒன்றும் தெரியாத மாதிரி நின்றால் போதும், கருவிக் கோளாறு என்று சமாளித்துவிடலாம், நெறியாளரே சமாளித்துவிடுவார். வாயைத் திறந்தால் வாழ்க்கை போய்விடும் என்றால் ஒரு மனுஷி எவ்வளவு நேரம் பேசாமல் இருப்பாள் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"நான்தான்" என்றாள். "அவங்க எதுவும் சொல்லலை. நானா எழுதிட்டேன்."

அக்காவின் மடியிலிருந்து பை சரிந்து விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஒலிபெருக்கியில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. சொல்ல வாய் வரல." கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக, "சாரல் அடிச்சுது. பஞ்சு நனைஞ்சிடுமேன்னு நான்தான் பூட்டினேன். உள்ள ஆள் இருக்குன்னு தெரியாது கண்ணு. சத்தியமா தெரியாது."

அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

புறத்தேர்வாளர் தன் ஆய்வேட்டுப் பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். அந்த அத்தியாயத்தை ஏற்க முடியாது, ஆய்வேட்டைத் திருத்தி ஆறு மாதம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும் என்றார். அந்தக் குரலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார். நெறியாளர் அவளைத் திரும்பிப் பார்க்காமலே வெளியேறினார். வேலை போனது போனதுதான். அவளுக்கு அழுகை வந்தது. அழுகையோடு சேர்ந்து, இரண்டு வருஷமாக அடைத்திருந்த மூச்சும் வந்தது.

கூடம் காலியான பிறகு வெள்ளைச் சட்டைக்காரர் அருகில் வந்தார். கண் சிவந்திருந்தது.

"ரொம்ப நன்றிம்மா. அப்பா போய் இருபது வருஷம் ஆச்சு. அவர் கேட்கல, நான் கேட்டேன். அது போதும்."

"என்னை மன்னிச்சிடுங்க."

"பரவாயில்ல. அந்தம்மாகிட்டயும் அதேதான் சொன்னேன். பாவம், வயசானவங்க, உடம்பெல்லாம் நடுங்குது. அவங்களுக்கு ஒரு மைக் கொடுத்திருக்கலாம் நீங்க."

"எந்தம்மா?"

"என் பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்களே. என் கையைப் பிடிச்சுக்கிட்டுதானே எல்லாத்தையும் சொன்னாங்க."

அவர் கையை நீட்டிக் காட்டினார். வெள்ளைச் சட்டையின் முழங்கைக்குக் கீழே நான்கு விரல்கள் பதிந்த கரித்தடம் இருந்தது.

அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள். நாற்காலிகள் காலியாக இருந்தன.

அவர் அங்கே பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், யாரையோ பார்த்துப் புன்னகைத்தார். "வாங்கம்மா, போகலாம்" என்று முழங்கையை மடக்கி நீட்டினார். "படி செங்குத்தா இருக்கு. பார்த்து இறங்குங்க."

அவள் கழுத்தோரமாகக் கருகிய பஞ்சின் வாடை நகர்ந்து போனது. அவர் வெளியே நடந்தார். மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கியது. ஒரு படி விட்டு, அதற்குப் பின்னால், வெறுங்காலின் சத்தமும் இறங்கியது.