மூச்சில் சொன்ன சம்மதம்

செப்டம்பர் மழை ஊமியோ நகரில் சத்தம் போடாது. பிர்ச் மரங்களின் மேல் மெல்லப் பெய்து, ஆளை முழுக்க நனைத்துவிட்டுத்தான் ஓயும். பஸ் நிறுத்தத்தில் கூரை இல்லை. சிக்னே குடையைச் சாய்த்துப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"உங்க குடைக்குள்ள வரலாமா?"

திரும்பினாள். கழுத்தில் மாநாட்டு அட்டை தொங்க, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஒருவன்... அப்பப்பா, அந்தக் கண்கள்! பாலில்லாத காப்பியின் நிறம். இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

அவள் தன் ஊர் வழக்கப்படி ஆமாம் சொன்னாள். அதாவது, உதட்டைக் குவித்து மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுத்தாள். வடக்கு ஸ்வீடனில் பிறந்தவர்களுக்கு அதுவே சம்மதம்.

அவனோ பயந்துபோனான். "ஐயோ, மன்னிச்சுக்குங்க... தொந்தரவு பண்ணிட்டேன்" என்று மழைக்குள் விடுவிடுவென்று நடந்தான்.

"ஏங்க! நில்லுங்க!" ஓடிப்போய்க் குடையை அவன் தலைக்கு மேல் பிடித்தாள். "வாங்கன்னுதானே சொன்னேன்!"

"வாங்கன்னா? பேயைப் பாத்த மாதிரியில்ல மூச்சை இழுத்தீங்க!"

"எங்க ஊர்ல ஆமாங்கறதே அப்படித்தான். வாயைத் திறந்தா குளிர் உள்ள போயிடும்ல?"

அவன் சிரித்தான். பெயர் துவார்த்தே, போர்ச்சுகலின் வடக்குக் கடற்கரைக்காரன். உயிரணுவுக்குள் புரதங்கள் எப்படி மடிகின்றன, தவறாக மடிந்தால் மனிதருக்கு என்ன நோய் வருகிறது என்று பேசும் அதே மாநாட்டுக்குத்தான் இருவரும் போகிறார்கள். ஒற்றைக் குடை, தோளோடு தோள்... பஸ் இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாம் என்று சிக்னேவுக்குத் தோன்றியது.

அந்த இனிப்பு மதியம் வரைகூடத் தாங்கவில்லை.

மேடையில் அவன் வேறு ஆளாக இருந்தான். ஈரலில் உருவாகும் ஒரு புரதத்தைப் பற்றிப் பேசினான். மரபணுவில் சின்னப் பிழை ஒன்று. அதனால் அது மடிப்புக் குலைந்து நரம்புகளில் போய்ப் படிகிறது. முதலில் பாதங்களுக்குச் சூடும் குளிரும் தெரியாமல் போகும். பிறகு வயிறு, இதயம்... குடும்பம் குடும்பமாகத் தொடரும் நோய்.

"இன்னைக்கு மருந்து இருக்கு. சீக்கிரம் ஆரம்பிச்சா நோயோட வேகத்தைக் குறைக்கலாம். ரத்தம் குடுத்துச் சோதிச்சுப் பாக்கப் பயப்படறவங்க கோழைங்க. பாசம் வெச்சவங்களையும் சேத்துக் கொல்றாங்க."

சிக்னேவின் முகம் வெளுத்தது. அவள் அப்பாவைக் கொண்டுபோனது அந்த நோய்தான். ஒரு சனிக்கிழமை நீராவிக் குளியலறையிலிருந்து வெளியே வந்தவரின் பாதம், உள்ளே இருந்த கணப்பு அடுப்பில் பட்டுக் கொப்பளித்திருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. சிறுமி சிக்னேதான் பார்த்து அலறினாள். அந்தப் பிழை அவளுக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். சோதித்துப் பார்க்க இன்றுவரை அவள் போகவில்லை.

காப்பி இடைவேளையில் நேராக அவனிடம் போனாள்.

"நல்லாப் பேசினீங்க. அந்தக் கோழைங்க வீட்டுக்குள்ள ஒரு தடவையாவது போயிருக்கீங்களா? இல்ல, படத்துல பாத்ததோட சரியா?"

அவன் கையிலிருந்த பன் தட்டுக்குத் திரும்பியது. "போயிருக்கேன்" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரோஷக்காரன்! அவளும் லேசுப்பட்டவளா என்ன? விருட்டென்று திரும்பி நடந்தாள்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. ஆற்றோரமாக வீட்டுக்கு நடந்தவள் படகுத்துறை அருகே நின்றாள். பலகையில் துவார்த்தே உட்கார்ந்திருந்தான். ஷூவும் காலுறையும் பக்கத்தில். இரண்டு கால்களும் தண்ணீருக்குள். பேசாமல் போய்விடத்தான் நினைத்தாள்... மனசு கேட்கவில்லை.

"பைத்தியமா உங்களுக்கு? இந்தத் தண்ணியிலயா?"

"குளிருதான்னு பாக்கறேன்." அவன் திரும்பவில்லை. "தினமும் பாப்பேன். எந்த ஊருக்குப் போனாலும்."

அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவனுக்குள்ளும் அதே பிழை! மெல்ல அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்போ தெரிஞ்சுது?"

"காலேஜ் முடிச்சப்போ. மருந்து சாப்பிடறேன். அண்ணன் மட்டும் டெஸ்ட்டுக்கு வரமாட்டேன்னான். உன் இஷ்டம்னு நானும் விட்டுட்டேன். போன வருஷம் அடக்கம் பண்ணினோம். மேடையில அவனைத்தான் திட்டினேன்... இல்ல, என்னை. நீங்க கேட்டப்பவே சொல்லியிருக்கணும். பரிதாபமாப் பாப்பீங்களோன்னு ஒரு வீம்பு."

சிக்னே அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் புரதத்தை நான் தினமும் ஆய்வுக்கூடத்துல பாக்கறேன்" என்றாள். "என் ரத்தத்துல இருக்கான்னு மட்டும் பாக்கலை. எங்க அப்பாவோட நோய் அது."

சொல்லிவிட்டுத் தன் ஷூவைக் கழற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு பாதங்களை இறக்கினாள்...

"குளிருது... துவார்த்தே, நல்லாக் குளிருது!" கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "நாளைக்கு ரத்தம் குடுக்கப் போறேன்."

"ரிசல்ட் வர சில வாரம் ஆகுமே... அதுவரைக்கும் இங்கயே இருக்கேன்."

"பரிதாபப்பட்டா?"

"அதை வாங்கிக்கவே மாட்டேன்னு நின்னவன், உனக்குக் குடுப்பேனா? காலையில ஓடி வந்து என் தலைக்கு மேல குடை பிடிச்சியே... அப்பவே என் மனசு உங்கிட்ட வந்துடுச்சு, சிக்னே. ரிசல்ட் எப்படி வந்தாலும் எனக்கு நீ வேணும்." குரல் தணிந்தது. "எனக்குள்ள இருக்கறது தெரிஞ்சும்... உனக்கு நான் வேணுமா?"

மறுபடி தூறல் ஆரம்பித்தது. அவள் குடையை விரித்தாள். அவன் கண்களைப் பார்த்தாள். உதட்டைக் குவித்து, மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுத்தாள்.

இந்தத் தடவை துவார்த்தே மன்னிப்புக் கேட்கவில்லை. நகர்ந்து குடைக்குள் வந்தான்.