சுவர்ப் பக்கத்து ஈரம்

நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்த பாலிதீன் தாளுக்கு உள்ளே, ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஆவி படிந்திருந்தது. உள்ளங்கை அகலம். சிட்டு எழுந்து நின்றால் அவள் வாய் வரும் உயரம். மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தது.

ஹார்டுவேர் கடைக்காரர் சொல்லிக் கொடுத்த சோதனை அது. "பாலிதீனைச் செவுத்துல ஒட்டிட்டு ரெண்டு நாள் விடுங்க. ரூம் பக்கம் நீர் கோத்தா, நீங்க விடுற மூச்சு. செவுத்துப் பக்கம் கோத்தா, கசிவு. அவ்வளவுதான் விஷயம்."

கசிவு என்றால் கீழிருந்து ஏற வேண்டும், அல்லது மேலிருந்து இறங்க வேண்டும். நடுவில் வட்டமாக நிற்குமா? சிட்டுவின் அப்பாவான தையல்காரனுக்குப் பிடிபடவில்லை.

"சிட்டு, இந்தத் தாளைத் தொட்டியா?"

"இல்லப்பா."

கட்டிலில் மண்டியிட்டு, மழை ஈரம் படிந்த ஜன்னல் கண்ணாடியில் வால் இல்லாத பூனை ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள் அவன் ஏழு வயது மகள். தினமும் அதே பூனைதான். வால் எங்கே என்று கேட்டால், "அது வெளிய இருக்கு, நனையுது" என்பாள். இன்று அதைச் சொல்லி முடிப்பதற்குள் நெஞ்சில் இழுப்பு வந்துவிட்டது. மூன்று விசில், ஒரு விக்கல், மறுபடி மூன்று. "இந்த ஈரத்துல பிள்ளைய வச்சிருந்தா என் மருந்து எடுபடாது" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். "இன்னிக்காவது அந்தச் செவுத்துக்கு ஒரு முடிவு கட்டுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பினாள்.

வீட்டுக்காரர் மேல் அவனுக்கு முதலிலிருந்தே சந்தேகம். குடிவந்த அன்று இந்த ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட் வாசனை. சாவி கொடுக்கும்வரை வாயெல்லாம் பல்லாக நின்ற மனிதர், சுவரைப் பற்றிக் கேட்டதும் வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவிவிட்டார்.

கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து இந்த அறையை அளந்தான். அடுத்த அறையை அளந்தான். இரண்டையும் ஒட்டி வெளியே ஓடும் நடையையும் அளந்தான். இருபது வருஷமாக அளவு தப்பாத கை. ஆனாலும் இரண்டு முறை அளந்தான். உள்ளே இரண்டடி குறைந்தது. கோட்டுத் துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் இருப்பதுபோல, இரண்டு அறைக்கும் நடுவில் யாரோ ஓர் இடம் விட்டிருந்தார்கள்.

மங்கல் பல்பைக் கழற்றிவிட்டு, தையல் மிஷினுக்கு மேலே எரியும் எல்இடியைக் கொண்டுவந்து மாட்டினான். கூரைக்குக் கீழே சுவரில் ஒரு வட்டம் தெரிந்தது. பழைய வென்டிலேட்டர் ஓட்டை. சிமென்ட் வைத்து அடைத்து, மேலே பூசி மறைத்திருக்கிறார்கள்.

"அட படுபாவி! காத்து போற வழிய அடைச்சா செவுரு எப்படிய்யா காயும்?"

ஸ்டூல் மேல் ஏறி உளியை வைத்து அடித்தான். ஏழாவது அடியில் சிமென்ட் கட்டி உள்ளே போனது. அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.

வெதுவெதுப்பான காற்று முகத்தில் வந்து மோதியது. ஈரத்துணியை நாள்கணக்கில் மூட்டை கட்டி வைத்த நாற்றம். பிறகு அதே காற்று உள்ளே இழுத்தது. ஜன்னல் திரை அறைக்குள் எழும்பி, அடங்கியது.

"அப்பா, இப்ப இழுக்கலப்பா."

அவன் திரும்பினான். நிஜம்தான். விசில் நின்றிருந்தது. ஆறு மாதமாகக் கேட்காத அமைதி. மனைவியிடம் சொல்லப் போனை எடுத்தான்.

அப்போது கேட்டது.

மூன்று விசில். ஒரு விக்கல். மறுபடி மூன்று.

ஓட்டைக்குள்ளிருந்து.

கீழே பார்த்தான். பாலிதீன் தாள் உப்பியது. ஒட்டியது. உப்பியது.

இறங்கினான். பெற்ற பிள்ளையைச் சந்தேகப்பட வெட்கமாக இருந்தது. ஆனாலும் மிச்சமிருந்த பாலிதீன் துண்டை எடுத்து அவள் மூக்குக்கு நேரே பிடித்தான்.

"என்னப்பா பண்ற?" சிரித்தாள்.

உதடு அசைந்தது. குரல் வந்தது. தாளில் ஆவி படியவில்லை.

துடைத்தான். மறுபடி பிடித்தான்.

படியவில்லை.

பின்னால் மெல்லிய கீறல் சத்தம். சுவர்த் தாளில் ஆவி மண்டியிருந்தது. அதில் ஒரு கோடு. தாளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. இரண்டு காது. மீசை. முதுகு. வால் வர வேண்டிய இடத்தில் கோடு நின்றது.

கட்டிலில் இருந்தவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அது என்னதுப்பா?"

பூனையின் மேல், தாளுக்குள்ளே, ஒரு சின்ன உள்ளங்கை வந்து அழுந்தியது.